நர்சம்மா பதில்கள்: விட்டுப்போன ஊசிகள்

பள்ளிக்கூடம் திறந்த கையோடு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிள்ளைகளுக்குப் போடும் ஊசி பற்றித்தான். விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் ஆசிரியர் எல்லாவற்றையும் என் பக்கம் தள்ளிவிட்டார். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துக்கொண்டேன். எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

நர்சம்மா, என் மகனுக்கு ஒன்றரை மாத ஊசி போட்டோம். அன்று ராத்திரி முழுக்கக் காய்ச்சல், அழுகை. தொடை வீங்கி, இப்போதும் சுண்டைக்காய் அளவு கட்டி இருக்கிறது. "இரண்டரை மாத ஊசி வேண்டாம், பிள்ளை தாங்காது" என்கிறார் மாமியார். என்ன செய்வது?
*திண்டிவனத்திலிருந்து ஒரு தாய்*

முதலில் உங்கள் மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி முழுக்கப் பேரனைத் தோளில் போட்டு நடந்தவர் அவராகத்தான் இருப்பார்.

அந்தக் காய்ச்சல் எதிர்பார்த்ததுதான். தொடையில் போட்டது ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, பி வகை மஞ்சள் காமாலை, ஹிப் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும். 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் இந்தப் பென்டாவேலன்ட் ஊசியை ஆரம்பித்தார்கள். இதில் கக்குவான் பாகம் கொன்ற முழுக் கிருமியிலிருந்து செய்தது. காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளில் இறங்கிவிடும். கட்டி சில வாரம் இருந்து தானாகக் கரையும். அதை உருட்டித் தேய்ப்பது, வெந்நீர் ஒத்தடம், சுண்ணாம்பு, மஞ்சள் பற்று எதுவும் வேண்டாம். வலித்து அழுதால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைக்கலாம்.

காய்ச்சல் மருந்தில் மட்டும் கவனம் வேண்டும். பாராசிட்டமால் சொட்டு மருந்தாகவும் வரும், சிரப்பாகவும் வரும். சொட்டு மருந்தில் பொதுவாக 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பிலோ 5 மில்லிக்குத்தான் 125 அல்லது 250. பக்கத்து வீட்டில் சிரப்பு கொடுத்த அளவைக் கேட்டு வந்து, அதே அளவு சொட்டு மருந்தைக் கொடுத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். குழந்தையின் எடைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. ஊசி போட்ட அன்றே எடையைச் சொல்லி, எந்தப் பாட்டில், எத்தனை மில்லி என்று அட்டையின் ஓரத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தாய்ப்பால் எப்போதும்போல கொடுக்கலாம்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் வீறிட்டு அழுதாலோ, வலிப்பு வந்தாலோ, துவண்டு போனாலோ, மூச்சு வாங்கினாலோ மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அப்படி ஏதாவது நடந்திருந்தால் அடுத்த ஊசிக்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் முடிவு செய்வார். காய்ச்சலும் கட்டியும் அந்தக் கணக்கில் வராது. இரண்டரை மாத ஊசியைப் போடலாம், போட வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு ஊசியோடு நிறுத்திய பிள்ளைக்குப் பாதுகாப்பு அரைகுறைதான். கக்குவான் இருமல் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கைக்குழந்தையைப் பார்த்தேன். இருமல் ஆரம்பித்தால் மூச்சு எடுக்க இடைவெளியே கிடையாது. முகம் சிவந்து, உதடு நீலம் பாரித்து, கடைசியில் ஊளை மாதிரி ஒரு இழுப்பு, பிறகு குடித்த பால் அத்தனையும் வாந்தி. அந்தத் தாய் பால் கொடுக்கவே பயந்தாள். வீட்டில் கழுதைப் பால் வாங்கிச் சங்கில் புகட்டிக்கொண்டிருந்தார்கள். கழுதையை ஓட்டிக்கொண்டு தெருவில் வருகிறவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் பிழைப்பு. ஆனால் அந்தப் பால் கக்குவானுக்கு எதுவும் செய்யாது. உங்கள் மாமியாருக்கு அந்தக் காலத்து இருமல் நினைவிருக்கலாம். அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

தர்மபுரிப் பக்கம் எங்கள் ஊர். வேலைக்காகத் திருப்பூர் வந்தோம். பெண்ணுக்கு இரண்டரை வயது. மூன்றரை மாத ஊசி வரைதான் போட்டோம். அட்டை வீடு மாறியதில் தொலைந்துவிட்டது. இனிமேல் போனால் திட்டுவார்கள் என்று என் மனைவி போகவே மறுக்கிறாள். மறுபடி முதலிலிருந்து போடுவார்களா?
*திருப்பூரிலிருந்து ஒரு தந்தை*

இல்லை தம்பி. மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்றால் மறுபடி கீழே இறங்கியா ஏறுகிறோம்? விட்ட இடத்திலிருந்துதான் போடுவார்கள். நாள் தள்ளிப்போனதால் பழைய ஊசி வீணாகாது. இடைப்பட்ட காலத்தில் பிள்ளைக்குப் பாதுகாப்பு குறைவு, அவ்வளவுதான்.

உங்கள் மகளுக்குப் பெரிய பாக்கி தட்டம்மை–ரூபெல்லா ஊசி. ஒன்பது மாதம் முடிந்ததும் முதலாவது, ஒன்றரை வயது வாக்கில் இரண்டாவது என்பது அட்டவணை. இரண்டையுமே விட்டிருக்கிறீர்கள். ஐந்து வயது வரை அரசு நிலையத்திலேயே போடுவார்கள். இப்போது ஒன்று, ஒரு மாதம் கழித்து இன்னொன்று. இன்று அதோடு முத்தடுப்பு (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி) ஊசியின் முதல் ஊக்கத் தவணை, போலியோ சொட்டு, வைட்டமின் ஏ திரவம் எல்லாம் ஒரே நாளில் கொடுக்கலாம். ஒரே நாளில் இரண்டு ஊசியா என்று உங்கள் மனைவி மலைப்பார். வேறு வேறு இடத்தில் போடுவார்கள், தாங்கும். மற்றதை நர்ஸ் வயதைப் பார்த்துச் சொல்வார்.

தட்டம்மை ஏன் அவசரம்? எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் நடுவே ஒரு நோயாளி இருந்தால் 12 முதல் 18 பேருக்கு ஒட்டும். உங்கள் மாதிரி அடுத்தடுத்த அறைகளில் வாடகைக்குக் குடும்பங்கள் இருக்கும் காம்பவுண்டில் அது ஒரு வாரத்து வேலை. ஊர்ப்பக்கம் அம்மை என்று வேப்பிலை கட்டி வீட்டுக்குள் வைத்திருப்போம். அந்த ஓய்வு நல்லதுதான், ஆனால் தட்டம்மைக்குப் பின்னால் வருகிற நிமோனியாவை வேப்பிலை தடுக்காது.

அட்டைக்கு வருகிறேன். கர்ப்பமாக இருந்தபோது உங்கள் மனைவிக்கு ஒரு பிக்மி எண் கொடுத்திருப்பார்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்கவும், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி வாங்கவும் கேட்ட எண் அது. பழைய மெசேஜிலோ, ஸ்கேன் ரிப்போர்ட்டிலோ, பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டிலோ தேடுங்கள். கிடைத்தால் பழைய ஊசி விவரத்தை எடுக்கலாம். ஊரில் இருந்த நர்சின் பதிவேட்டிலும் இருக்கும், ஒரு போன் போட்டால் படித்துச் சொல்வார். எதுவுமே கிடைக்காவிட்டால்? போட்டதற்கு ஆதாரம் இல்லாத ஊசியைப் போடாததாக வைத்துக்கொண்டு வயதுக்குத் தகுந்ததைப் போடுவார்கள். ஏற்கெனவே போட்டிருந்தாலும் இன்னொரு தடவை போட்டதால் கெடுதல் வராது.

திருப்பூரில் ஊசி போட ரேஷன் கார்டு அந்த ஊரிலேயே இருக்க வேண்டியதில்லை. நர்ஸ் திட்டுவாரா? ஒரு வார்த்தை சொல்வார். நானும் சொல்லியிருக்கிறேன். மனைவியோடு நீங்களும் போங்கள், அந்த வார்த்தையைப் பாதிப் பாதி வாங்கிக்கொள்ளலாம்.

பத்தாம் வகுப்பு படிக்கிறேன். பள்ளியில் ஊசி போட வந்தார்கள். என் தோழி மயங்கி விழுந்தாள். அதைப் பார்த்து இன்னும் சிலர் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார்கள். நான் பயந்து போடவில்லை. போன வருடம் ஆணி குத்தியபோது டி.டி. போட்டேனே, பிறகு இது எதற்கு? பிள்ளை பிறக்காமல் இருக்க இந்த ஊசி போடுகிறார்கள் என்றும் வகுப்பில் பேசிக்கொண்டார்கள்.
*சிதம்பரத்திலிருந்து ஒரு மாணவி*

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில். இல்லை கண்ணு. இதே ஊசியைப் பையன்களுக்கும் போடுகிறோம், கர்ப்பிணிகளுக்கும் போடுகிறோம். போட்டுக்கொண்டவர்கள் பிள்ளை பெற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் ஊசி போட்ட பள்ளி மாணவிகளின் குழந்தைகளுக்கும் பிறகு நானே சொட்டு மருந்து கொடுத்திருக்கிறேன்.

ஆணி குத்தியபோது உனக்குப் போட்டது ரண ஜன்னிக்கு மட்டுமான டி.டி.யாக இருக்கலாம். பள்ளியில் போடுவது டி.டி. அல்ல, டி.டி. மாதிரியே காதில் விழும் டீடி. அதில் ரண ஜன்னியோடு தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் சிறிய அளவில் உண்டு. 10 வயதில் ஒன்று, 16 வயதில் ஒன்று. தொண்டை அடைப்பான் பழைய காலத்து நோய் என்று நினைக்காதே. 2015, 2016இல் பக்கத்துக் கேரளாவில், மலப்புரம் மாவட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் அதில் இறந்தார்கள். தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்து மூச்சை அடைக்கும், அதன் நஞ்சு இதயத்தையும் தாக்கும். சின்ன வயதில் போட்ட ஊசியின் பலம் வருடம் ஆக ஆகக் குறையும், அதனால்தான் ஊக்க ஊசி. போன வருடம் போட்டதன் சீட்டு வீட்டில் இருந்தால் கையோடு கொண்டு போய்க் காட்டு. எப்போது போடலாம் என்று அதைப் பார்த்துச் சொல்வார்கள்.

இப்போது மயக்கம். பள்ளிக்கூட முகாமில் இது அடிக்கடி நடக்கும், அதிலும் உன் வயதுப் பிள்ளைகளுக்கு. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருப்பார்கள், வெயிலில் வரிசை, முன்னால் நிற்பவள் "ஐயோ" என்பதைக் கேட்டுக்கொண்டே நகர வேண்டும். பயத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், ஆள் சரியும். மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெறும் தண்ணீரை ஊசியில் ஏற்றிக் குத்தினாலும் சிலர் விழுவார்கள். படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் கண் திறந்துவிடுவார்கள். ஆனால் ஒருத்தி விழுவதை நாற்பது பேர் பார்த்தால் அடுத்தவளுக்கும் கை சில்லிட ஆரம்பிக்கும். நான் முகாம் போட்டால் ஊசி போடும் அறை வேறு, வரிசை நிற்கும் வராந்தா வேறு. ஜன்னலைச் சாத்தச் சொல்வேன். பெஞ்சில் உட்கார்ந்துதான் ஊசி. போட்ட பிறகு அரை மணி நேரம் பின்பக்க வகுப்பில் உட்கார்ந்து அரட்டை அடிக்கலாம். இதையெல்லாம் உங்கள் தலைமை ஆசிரியரிடம் நீங்களே கேளுங்கள், தப்பில்லை.

நீ ஒரு புதன்கிழமை அம்மாவோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் போட்டுக்கொள். இட்லி சாப்பிட்டுவிட்டுப் போ. எழுதாத கையில் போடச் சொல். இரண்டு நாள் தோள் வலிக்கும், பரீட்சை நேரமாக இருந்தால் அது ஒரு தொல்லை.

பேத்திக்குப் பிறந்த அன்று இடது தோளில் ஊசி போட்டார்கள். மற்றப் பிள்ளைகளுக்குத் தழும்பு இருக்கிறது, இவளுக்கு இல்லை. மறுபடி போட வேண்டுமா?
*மன்னார்குடியிலிருந்து ஒரு தாத்தா*

வேண்டாம் ஐயா. அது காசநோய்க்கான பி.சி.ஜி. சில குழந்தைகளுக்குத் தழும்பு விழாது. தழும்பு இல்லை என்பதால் ஊசி வேலை செய்யவில்லை என்று ஆகாது. அதே மாதிரி, சில வாரம் கழித்து அந்த இடத்தில் கொப்புளம் வந்து உடைந்தாலும் பதற வேண்டாம், மருந்து தடவவும் வேண்டாம். இந்த ஊசி குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத்தான் முக்கியமாகத் தடுக்கிறது. வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்வதுதான் பேத்திக்கு அடுத்த பாதுகாப்பு.

தனியார் மருத்துவமனையில் "வலியில்லா ஊசி" போடுகிறார்கள், காய்ச்சலே வராதாம். அரசு ஊசி மட்டமா?
*கோவையிலிருந்து ஒரு வாசகி*

மட்டம் இல்லை. குத்துவது இரண்டிலும் வலிக்கும், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வித்தியாசம் கக்குவான் பாகத்தில். அரசு ஊசியில் முழுக் கிருமி, தனியாரின் அந்த ஊசியில் கிருமியின் சில புரதங்கள் மட்டும். அதனால் காய்ச்சல் குறைவு, ஆனால் பாதுகாப்பும் சீக்கிரம் தேய்கிறது. வசதி இருக்கிறவர்கள் எதை வேண்டுமானாலும் போடலாம். கடன் வாங்கிப் போட வேண்டியதில்லை. தனியாரில் ஆரம்பித்துவிட்டுப் பாதியில் அரசு நிலையத்துக்கு வரவும் தடை கிடையாது, அட்டையை எடுத்து வாருங்கள்.

தனியாரில் கூடுதலாகக் கிடைப்பது வேறு சில ஊசிகள். பொன்னுக்கு வீங்கி, சின்னம்மை, டைபாய்டு போன்றவை அரசுப் பட்டியலில் இல்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி எல்லா மாவட்டத்திலும் கிடையாது. விழுப்புரம், கடலூர், மதுரை போல நோய் தலைகாட்டிய மாவட்டங்களில் மட்டும் அரசே போடுகிறது. நெல்வயல் தண்ணீரில் பெருகும் கொசுவால் வருவது அது.

அங்கன்வாடிக்கு ஒன்பது மாத ஊசிக்குப் போனோம். "ஒரு குழந்தைதான் வந்திருக்கிறது, மருந்தைப் பிரித்தால் வீணாகும், அடுத்த வாரம் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். சரியா?
*கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு தாய்*

சரியில்லை. தட்டம்மை–ரூபெல்லா மருந்து பொடியாக ஒரு குப்பியில் வரும், பல குழந்தைகளுக்கானது. கரைத்த பிறகு நாலு மணி நேரம்தான். மீதியை எறிந்துவிட வேண்டும். நர்சுக்கு மருந்துக் கணக்கு ஒரு தலைவலி என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு குழந்தை வந்தாலும் பிரித்துப் போட வேண்டும் என்பதுதான் விதி. திருப்பி அனுப்பிய குழந்தை அடுத்த வாரம் வரும் என்று என்ன உத்தரவாதம்? மறுபடி அனுப்பினால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் நேரே போய்ச் சொல்லுங்கள்.

அடுத்த முறை போகும்போது அந்த நீல நிற ஐஸ் பெட்டிக்குள் எட்டிப் பாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நாலு பக்கமும் ஐஸ் கட்டிப் பட்டைகள், நடுவில் குப்பிகள். ஒவ்வொரு குப்பியிலும் ஒரு வட்டம், அதற்குள் சின்னக் கட்டம். கட்டம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து சூடுபடவில்லை. இரண்டும் ஒரே நிறமாகிவிட்டால் அந்தக் குப்பி குப்பைக்கு. கரைத்த குப்பியின் மேல் எத்தனை மணிக்குக் கரைத்தது என்று பேனாவால் எழுதியிருக்கும். இதையெல்லாம் தாய்மார்கள் பார்க்கக் கற்றுக்கொண்டால் எங்களுக்கும் நல்லது.

பையனுக்கு இரண்டு வயது. ஒன்றரை வயது ஊசிக்குப் பிறகுதான் பேச்சு நின்றுபோனது மாதிரி இருக்கிறது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஊசியால் ஆட்டிசம் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துவிட்டுத் தூக்கமே போய்விட்டது.
*வேலூரிலிருந்து ஒரு தாய்*

அந்தக் கதை 1998இல் இங்கிலாந்தில் கிளம்பியது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு, ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற டாக்டர் 12 குழந்தைகளை வைத்து லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அது நேர்மையாகச் செய்ததல்ல என்று தெரிந்து 2010இல் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே வருடம் அவருடைய டாக்டர் பதிவும் ரத்தானது. பிறகு டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் முடிவு வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்கள், போடாதவர்கள் இரு தரப்பிலும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை. 2017 பிப்ரவரியில் நம் ஊரில் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டபோதும் இதே மாதிரி வாட்ஸ்அப் செய்திகள் பறந்தன. முகாம் நாளில் பிள்ளையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பியவர்கள் உண்டு.

ஏன் ஊசிக்குப் பிறகு என்று தோன்றுகிறது? ஆட்டிசத்தின் அடையாளங்கள் வெளியே தெரிய ஆரம்பிப்பதே அந்த ஒன்றரை, இரண்டு வயதில்தான். இரண்டும் ஒரே சமயத்தில் வருகின்றன.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வாட்ஸ்அப் அல்ல. கூப்பிட்டால் திரும்பவில்லை, பேச்சு நின்றது என்கிறீர்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். காது, பேச்சு, வளர்ச்சி எல்லாவற்றையும் அங்கே பார்ப்பார்கள். "ஆண் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டே பஸ் ஏறிவிடுங்கள்.

மகளுக்கு 13 வயது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான ஊசி இந்த வயதிலேயே எதற்கு?
*மதுரையிலிருந்து ஒரு தாய்*

இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற கிருமி உடலுக்குள் வருவதற்குப் பல வருடம் முன்பே போட்டால்தான் முழுப் பலன். 9 முதல் 14 வயது அதற்குப் பொருத்தமானது. ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை என்பது வழக்கம். ஒன்றே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. தமிழ்நாடு அரசு 2025–26 பட்ஜெட்டில் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாகப் போடுவதாக அறிவித்தது. உங்கள் பகுதியில் எப்போது என்று பள்ளியிலும் நர்சிடமும் கேளுங்கள். மகளிடம் என்ன ஊசி என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அவளுக்குப் புரியும் வயதுதான்.

இருவரும் மில்லுக்குப் போகிறோம். புதன்கிழமை லீவு போட்டால் சம்பளம் போகும். ஐந்து வயது ஊசியை அதனாலேயே விட்டுவிட்டோம். பையனுக்கு இப்போது ஆறு.
*ராஜபாளையத்திலிருந்து ஒரு தாய்*

அந்த முத்தடுப்பு ஊக்க ஊசியை ஏழு வயது வரை போடலாம், இன்னும் நேரம் இருக்கிறது. புதன்கிழமைதான் கிராமங்களில் ஊசி நாள், ஆனால் பெரிய அரசு மருத்துவமனைகளில் மற்ற நாட்களிலும் போடுகிறார்கள். எந்த நாள், எத்தனை மணி வரை என்று போனில் கேட்டுக்கொண்டு ஷிஃப்ட் முடிந்ததும் போங்கள். இல்லாவிட்டால் தாத்தா பாட்டி கூட்டிப்போகட்டும், தாயே வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அட்டையும், பதிவு செய்த போன் நம்பரும், முன்பு ஏதாவது ஊசிக்கு ஒவ்வாமை வந்ததா என்ற விவரமும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். லேசான சளி இருக்கிறது என்று பாட்டி தானாகத் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சளியோடும் போடலாம்.